தாய்மாமன் தலை ஒன்றரை அடி

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு மனிதருக்கு உறவுக்குள் எவ்வளவு மரியாதை என்று தெரிய வேண்டுமானால் ஆளைக் கேட்டுப் பயனில்லை. விசேஷ வாசலில் நிற்கும் பேனரில் அவர் தலை எவ்வளவு பெரிசு என்று பார்த்தால் போதும். காதணி விழா என்றால் தாய்மாமன் தலை ஒன்றரை அடி. பெரியப்பா, சித்தப்பாவுக்கு ஒன்றேகால். பங்காளிகளுக்கு முக்கால். குழந்தையின் அப்பாவோடு படித்தவர்கள், கபடி ஆடியவர்கள், சும்மா கூட நிற்கிறவர்கள் எல்லோருக்கும் அரையடி. அரை அங்குலம் குறைந்தாலும் இலையில் உட்காராமல் எழுந்து போகிறவர்கள் உண்டு. இந்த அளவையெல்லாம் யாரும் எழுதி வைத்ததில்லை, அனுசுயாவைத் தவிர. அவளும் எழுதி வைத்தது கம்ப்யூட்டர் மொழியில்.

அனுசுயாவுக்கு முப்பத்தேழு வயது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஓயாமல் அடிக்கிற ஒரு போன். பாலிடெக்னிக் முடித்தவள் ஒன்பது வருஷம் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தாள். டிசைனர் என்று பேர்தான் பெரிசு. வேலை என்னவோ தலை வெட்டுவது. ஒரு பேனருக்கு நூற்றிருபது தலை. எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழும். ஒருவர் பைக் மேல் உட்கார்ந்திருப்பார், ஒருவர் துபாயில் ஏதோ கட்டடத்துக்கு முன்னால் நிற்பார், இன்னொரு மகராசன் ஆதார் அட்டையையே போட்டோ எடுத்து அனுப்பியிருப்பார். ஒவ்வொரு காதையும் மவுஸால் சுற்றிச் சுற்றி வெட்ட வேண்டும். அப்படி வெட்டி வெட்டி மணிக்கட்டு வீங்கி, ஒரு நாள் காலையில் தோசைக்கல்லைத் தூக்க முடியாமல் கீழே வைத்தாள். வலியைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

"ஒரே வேலைய ஆயிரம் தடவ செய்யணும்னா அது மாடு செய்யற வேலை" என்றாள் புருஷனிடம்.

மதிவாணன் அறுப்பு மெஷின் ஓட்டுகிறவர். "மாட்டையே வித்துட்டு மெஷின் விட்டாச்சு. நீதான் இன்னும் மாட்டு வேலை பாக்குற" என்று சொல்லிவிட்டு அவரே தோசை வார்க்கப் போனார்.

அந்தப் பேச்சு உள்ளே போய் உறைத்தது. படங்களைத் திருத்துவதற்கு இலவசமாகக் கிடைக்கிற செயலி ஒன்று உண்டு. அதில் இல்லாத வேலையை நாமே ஒரு சின்ன புரோகிராமாக எழுதி அதோடு சேர்த்துவிடலாம், பிளக்-இன் என்பார்கள். வீடியோ பார்த்தும், எங்கேயோ இருக்கிறவர்களிடம் அரைகுறை இங்கிலீஷில் கேட்டும், ஒன்றரை வருஷம் முட்டி மோதிக் கற்றுக்கொண்டாள். முதலில் எழுதியது முகத்தைக் கண்டுபிடித்துத் தானே வெட்டித் தரும் பிளக்-இன். அதற்குத் 'தலைவெட்டி' என்று பேர் வைத்தாள். பேரைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு, வேண்டாம் என்று சொன்ன கடைக்காரர் ஒருவரும் இல்லை.

அடுத்து எழுதியதுதான் 'பந்தி'. யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு லிஸ்ட் கொடுத்தால், தலைகளை வெட்டி, முறைப்படி அளவு கொடுத்து, பேர் போட்டு, பந்தியில் ஆட்களை உட்கார வைப்பது மாதிரி வரிசையாக உட்கார வைத்துவிடும். நூற்றிருபது தலைக்கு ஏழு நிமிஷம். பட்டுக்கோட்டையிலிருந்து மன்னார்குடி வரைக்கும் அறுபத்துமூன்று கடைகளில் அவளுடைய பந்திதான் ஓடுகிறது. எந்தக் கடையிலிருந்து தப்பு என்று போன் வந்தாலும் அவளுடைய பதில் ஒன்றுதான். "பந்தி தப்புப் பண்ணாதுங்க. நீங்க குடுத்த லிஸ்ட்ட பாருங்க." முக்கால்வாசி நேரம் அவள் சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் வினை.

ஆவணியில் ஒரு நாள் பூர்ணிமா மாடியேறி வந்தாள். அவள் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. போட்டோக்களை அனுப்பிவிட்டு, லிஸ்ட்டையும் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"அக்கா, பேனர்ல மத்தது எப்படி வந்தாலும் எனக்குப் பரவால்ல. எங்க அண்ணன் ரெண்டு பேரும் ஒரே அளவுல இருக்கணும்."

பெரியண்ணன் வைரக்கண்ணு, சின்னண்ணன் வெற்றிசெல்வன். வாய்க்கால் தண்ணீரை முதலில் யார் வயலுக்குத் திறப்பது என்று ஒரு சம்பா நடவின்போது மடை மேல் நின்று மண்வெட்டியோடு சண்டை போட்டவர்கள், எட்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. பத்திரிகை வைக்கப் போன தங்கச்சியிடம் இருவரும் தனித்தனியாக ஒன்றையே சொல்லியிருந்தார்கள்: பேனரில் என்னைக் குறைச்சுப் போட்டிருந்தா வாசப்படி மிதிக்க மாட்டேன்.

"அப்பா அம்மா இல்லக்கா. எனக்குப் பொறந்த வீடுன்னா அவங்க ரெண்டு பேருந்தான். ஒருத்தர் வரலைன்னாலும் எனக்கு இது விசேஷமே இல்ல" என்று சொல்லும்போதே பூர்ணிமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுக்கா அழுவுற? தாய்மாமனுக்கு ஒன்றரை அடி. ரெண்டு பேருக்கும் ஒன்றரை அடி. நூல் அளவுகூட மாறாது. போ, போய் வேலையப் பாரு."

வெள்ளிக்கிழமை பந்தியை ஓட விட்டுவிட்டு அனுசுயா டீ குடித்தாள். டீ முடிவதற்குள் பேனர் தயார். அப்படியே தஞ்சாவூரில் பிளெக்ஸ் அச்சடிக்கிற அப்துல் வஹாபுக்கு அனுப்பினாள். அவர் நிதானமான மனிதர், போன் பண்ணிக் கேட்டார்.

"ஒரு தடவ சரி பாத்துட்டீங்களாம்மா? அடிச்சுடலாமா?"

"பந்தி போட்டது பாய். பாக்க என்ன இருக்கு? அடிங்க."

சனிக்கிழமை காலை மண்டப வாசலில் பேனர் ஏறியது. பத்து மணிக்கு வெற்றிசெல்வன் அந்தப் பக்கம் பைக்கில் வந்தார். நடுவில் ஒன்றரை அடியில் வைரக்கண்ணு சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. வெற்றிசெல்வன் மேலிருந்து கீழ்வரை, அரையடித் தலைகள் வரைக்கும் தேடிப் பார்த்தார். தான் எங்கேயுமே இல்லை. வண்டியை விட்டு இறங்காமலே தங்கச்சிக்குப் போன் போட்டார். "அதான் ஒரு தாய்மாமன் இருக்கான்ல? அவனையே வச்சுக் குத்திக்க" என்றார். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

பூர்ணிமா மாடியேறி வந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அனுசுயாவும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

"நூல் அளவுகூட மாறாதுன்னீங்களேக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அனுசுயா பந்தி தனக்குத்தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பைத் திறந்தாள். அதில் ஒரு வரி இருந்தது. 'வெற்றிசெல்வன்: இந்த முகம் ஏற்கனவே வந்துவிட்டது. நீக்கப்பட்டது.'

அந்த விதியை எழுதியவள் அவள்தான். ஒரே ஆள் தன் போட்டோவை மூன்று தடவை அனுப்புவார். பத்து வருஷத்துக்கு முந்திய இளவட்டப் படத்தையும் சேர்த்தே அனுப்புவார். ஒரே ஆள் இரண்டு இடத்தில் வரக்கூடாது என்று, கொஞ்சம் சாடை ஒத்துப்போனாலே ஒன்றைத் தூக்கிவிடச் சொல்லியிருந்தாள். அண்ணன் தம்பி என்று உலகத்தில் இரண்டு பேர் இருப்பார்கள் என்பது அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை. காது மடல் சுட்டது. இத்தனை நாள் எத்தனை பேரிடம் லிஸ்ட்டைப் பாருங்க என்று சொல்லியிருக்கிறோம் என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது.

பாய்க்குப் போன் போட்டாள். "பாய், தப்பு நடந்துபோச்சு. சாயங்காலத்துக்குள்ள வேற அடிச்சுத் தரணும்."

"நான் நேத்தே கேட்டேனேம்மா."

"கேட்டீங்க. நாந்தான் திமிராப் பேசிட்டேன்."

"சரி, அனுப்புங்க. மெஷின காலியா வச்சிருக்கேன்."

பூர்ணிமா தலையை ஆட்டினாள். "புதுசு அடிச்சு என்னக்கா பிரயோசனம்? பெரியண்ணன்தான் உங்ககிட்டச் சொல்லித் தன்னை எடுக்க வச்சுட்டாருன்னு சின்னண்ணன் நினைக்கிறாரு. அது மனசவிட்டுப் போகாது."

அனுசுயா லேப்டாப்பைப் பையில் போட்டாள். "வண்டிய எடு. எங்க இருப்பாரு உங்க அண்ணன்?"

வெற்றிசெல்வன் பம்புசெட்டில் இருந்தார். வந்தவர்களை வாங்க என்று சொல்லாமலிருக்க அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் வரப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவன் எவ்வளவு குடுத்தான்? என் தலைய எடுக்கச் சொல்லி?"

"உங்க அண்ணன நான் நேர்ல பாத்ததுகூட இல்லைங்க. தப்பு என்னோடது. நான் எழுதின புரோகிராம் பண்ணினது. என் வாய்ச் சொல்ல நம்ப வேண்டாம், நீங்களே பாருங்க."

தொட்டிச் சுவர் மேல் லேப்டாப்பை வைத்து, அவர் கண் முன்னால் பந்தியை ஓட விட்டாள். தலைகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. நடுவில் வைரக்கண்ணு மட்டும் இருந்தார்.

"இப்ப லிஸ்ட்டுல உங்க பேர முன்னால மாத்திப் போடுறேன்."

மறுபடி ஓட விட்டாள். இந்தத் தடவை வெற்றிசெல்வன் வந்து உட்கார்ந்தார். வைரக்கண்ணுவைக் காணோம்.

"அப்படிப் போடு!" என்று தொடையில் தட்டினார் வெற்றிசெல்வன். "இதையே அச்சடிச்சு ஏத்திடுங்க!"

"அண்ணே!" என்றாள் பூர்ணிமா.

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஸ்கிரீனுக்குக் கிட்டே குனிந்தவர் அப்படியே நின்றார். சட்டை கிடையாது, பின்னால் வீடு வாசல் கிடையாது, வெறும் முகம். மீசை, முன்னால் ஏறிப்போன நெற்றி, ஒரு பக்கமாக இழுத்துச் சிரிக்கிற வாய்.

"இது நாந்தானே?"

"நீங்கதாங்க."

"இந்தப் புரோகிராமுக்கு எங்க ரெண்டு பேரையும் முன்னப்பின்னத் தெரியாதுல்ல?"

"தெரியாதுங்க. அண்ணன் தம்பின்னும் தெரியாது, சண்டைன்னும் தெரியாது. ரெண்டும் ஒரே ஆளுன்னு அதுவா முடிவு பண்ணிக்கிச்சு."

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. வெற்றிசெல்வன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் இருக்கற மாதிரி போடுங்க" என்றார்.

"யாரு முதல்லங்க?" இதைக் கேட்க அனுசுயாவுக்கே பயமாகத்தான் இருந்தது.

"இது என்ன கேள்வி? மூத்தவன் இருக்கையில நான் முன்னால நிக்கிறதா? மடைச் சண்டை வேற, முறை வேற."

"நாளைக்கு வந்துடுவேல்லண்ணே?" என்றாள் பூர்ணிமா.

"தண்ணி கட்டுற வேலை கெடக்கு. பாப்போம்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதுப் பேனர் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து ஏறியது. அதற்குள் அனுசுயா பந்தியைத் திருத்திவிட்டாள். இனி அது யாரையும் தானாக நீக்காது. சாடை ஒத்துப்போனால் நின்று, 'இருவரும் ஒருவரா, உடன்பிறந்தவர்களா?' என்று கேட்கும். ஒவ்வொரு தலையையும் யாராவது பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அச்சுக்கு விடும். அறுபத்துமூன்று கடைக்கும் அனுப்பினாள். பட்டுக்கோட்டைக் கடைக்காரர் உடனே போன் பண்ணினார்.

"என்னங்க இது, தலை தலையா பாக்கச் சொல்லுது? வேல ஓட வேண்டாமா?"

"பாருங்க. பாக்காம விட்டவ சொல்றேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வைரக்கண்ணு பட்டுச்சட்டையோடு மனையில் உட்கார்ந்து மருமகளை மடியில் வைத்துக்கொண்டார். பூர்ணிமாவின் கண் வாசலிலேயே இருந்தது. நேரம் நெருங்கிவிட்டது, ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். அனுசுயாவுக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போனாள். அங்கே பேனருக்குக் கீழே வெற்றிசெல்வன் அண்ணாந்து நின்றிருந்தார். காலில் சேறு சரியாகப் போகவில்லை.

"அளவு சரியாத்தான் இருக்கு. உள்ள வாங்க" என்றாள்.

வந்தார். ஆனால் மனைக்கு நாலு அடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் இவரைப் பார்க்கவில்லை, இவர் அண்ணனைப் பார்க்கவில்லை. இதற்குள் பிள்ளை ஊசியைப் பார்த்துவிட்டது. வீல் என்று கத்திக்கொண்டு தலையை அப்படியும் இப்படியும் உதறியது.

"தலைய ஆட்டாமப் புடிங்க, குத்த முடியல" என்றார் ஆசாரி.

வைரக்கண்ணுவின் இரண்டு கையும் பிள்ளையின் கைகளைப் பிடிக்கவே சரியாக இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார்.

"டேய் வெற்றி! வேடிக்க பாத்துக்கிட்டா நிக்கிற? தலையப் புடிடா!"

எட்டு வருஷத்தில் அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அது. பேச்சு முடிவதற்குள் வெற்றிசெல்வன் அண்ணனை ஒட்டி உட்கார்ந்து, பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.