எடைக்கு வராத கதிர்கள்

அன்று காலை முதல் வேலையாக மாணவிகளின் தேர்வுத்தாள் கட்டைப் பிரித்தேன். நான்காவது தாளைத் திருத்திக்கொண்டிருந்தபோது அஞ்சலட்டை வந்தது. நெல்லிவாசல்நாடு மலைக்கிராமத்துச் சின்னப்பொண்ணு காய்ச்சலில் இறந்து பத்து நாளாகிவிட்டது என்று அவருடைய தம்பி எழுதியிருந்தார். அதன்பின் ஒரு தாளும் திருத்தவில்லை.

ஒருமுறை என்னோடு மலைக்கு வந்த உங்களுக்கு அவரைத் தெரியும். எழுபதுகளின் நடுவில், என் ஆய்வுக்காகத் தன் நிலத்தில் பாதியை விட்டுக் கொடுத்தவர். ஒரு பக்கம் மலைச் சாமை, மறுபக்கம் ஆய்வுப் பண்ணை கொடுத்த சாமை விதை. நான் கயிறு பிடித்துப் பாத்தி அளந்ததைப் பார்த்து, "இன்னா டீச்சரம்மா, சாமைக்கு ஜாக்கெட்டு தைக்கப் போறீங்களா?" என்று சிரித்தார்.

மூன்று பருவம் விளைச்சலை எடை போட்டேன். மூன்றிலும் மலைச் சாமை குறைவு. அப்படியே எழுதினேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த கையோடு அவரைப் பார்க்கப் போனேன். அடுப்புக்கு மேலே கொத்தாகக் கட்டித் தொங்கிய கதிர்கள் அவ்வளவு திரட்சி. எந்த நிலத்தில் விளைந்தது என்று கேட்டேன்.

"உங்க பாத்திதாங்க, எங்க சாமை நின்ன பக்கம். அறுக்கறதுக்கு முன்னயே வெதைக்குக் கிள்ளிட்டேன்."

"மூணு பருவமுமா? ஏன் சொல்லல?"

"நல்ல கதிரை வெதைக்கு எடுக்காம யாருனா அறுப்பாங்களா? நீங்க கேக்கவே இல்லியே."

"பண்ணை விதையில?"

"அது உங்குளுது. அதுல நான் எதுக்குக் கை வெக்கணும்?"

பிறகு அவரே கேட்டார்: "அப்ப, எங்க சாமை தோத்துப்போச்சின்னா எழுதிக்கிறீங்க? அத்த மாத்தி எழுதிடுங்க."

எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. பட்டம் போய்விடுமோ என்ற பயம். என் ஆய்வேட்டைக் காட்டித்தான் பிறகு பண்ணை விதையை மலையில் கொடுத்தார்கள். பல வீடுகளில் மலைச் சாமை விதைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

போன வருடம் ஒடுகத்தூர்ச் சந்தையில் புளி விற்றுக்கொண்டிருந்தார். மாற்றி எழுதியாயிற்றா என்று கேட்பாரோ என்று தயங்கித் தயங்கி அருகில் போனேன். "வெயில்ல வந்துகிறீங்க, சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். கேட்டிருந்தால் தேவலை என்று இன்று தோன்றுகிறது.

இப்போது எந்த நிலத்தில் நின்றாலும், நான் வருவதற்கு முன் இங்கே என்ன செய்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். அது அவர் தந்தது.

என் ஆய்வு முடிவு தவறு என்று, காரணத்தையும் சின்னப்பொண்ணுவின் பெயரையும் குறிப்பிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதப் போகிறேன். வீட்டிலும் துறையிலும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை; முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.