காம்ப்டன் யாருக்கும் தராத சட்டி

ஜார்ஜ்டவுன் நகரத்தின் ஓரத்தில் கிட்டி என்கிற பேட்டையில், கடல் சுவருக்கு இரண்டு தெரு உள்ளே, காம்ப்டன் ஹைண்ட்ஸ் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனவர் யாரும் வெறும் வயிற்றோடு திரும்பியதில்லை. தூண்கள் மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில், நிழலில், கேஸ் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கரண்டியை ஆட்டி ஆட்டி அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போனால், மறுநாளே நம் வீட்டிலும் அந்தக் குழம்பு கொதிக்கும். சமையல்காரர்கள் பக்குவம் சொல்லும்போது ஏதாவது ஒரு சாமானை விழுங்கிவிடுவது வழக்கம். காம்ப்டனுக்கு அந்தக் கெட்ட புத்தி கிடையாது. எதைப் போட வேண்டும் என்பதோடு, எப்போது கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவான்.

வார நாட்களில் அவன் ஜார்ஜ்டவுனில் பெரிய ஹோட்டல் ஒன்றில் செஃப். அகலமான தட்டின் நடுவில் கொஞ்சூண்டு வைத்து, சுற்றிலும் சாஸால் கோலம் போட்டு அனுப்புகிற வேலை. அதைப் பற்றி அவன் தெருவில் வாய் திறந்ததே இல்லை. அவனுக்குப் பிடித்ததெல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளில் கற்றுக்கொண்டது. முனைக்கடைச் சீனரிடம் சௌமின் கற்றான்: நூடுல்ஸை வடித்து, எண்ணெய் பிசறி, மின்விசிறிக்குக் கீழே பரப்பி ஆறவிட்ட பிறகுதான் வாணலியைத் தொட வேண்டும். பக்கத்து வீட்டு ஃபிலோமினா ஆன்ட்டியிடம் பூண்டுப் பன்றிக்கறி. வினிகரிலும் பூண்டிலும் ஒரு வாரம் ஊறிக் கிறிஸ்துமஸ் காலையில் பொரிந்தால், அந்த வாசனைக்கு நாய்கூட ஜபம் பண்ணும். டாக்ஸி ஓட்டும் பிசூனின் வீட்டிலிருந்து பருப்புப் பூரி.

"பருப்பு விரல்ல நசுங்கணும். ஆனா குழையக்கூடாது. குழைஞ்சா பூரி கிழியும்" என்று காம்ப்டன் சொல்லிக்கொண்டிருப்பான்.

வலை ஊஞ்சலில் கிடக்கும் பிசூன் அங்கிருந்தே கத்துவான். "யோவ் செஃபு, எங்க வீட்டுப் பூரிய எனக்கே சொல்லித் தரியா?"

"உன் வீட்டுக்காரி சொல்லித்தான்யா எனக்குத் தெரியும். நீ திங்கறதோட சரி."

இவ்வளவு தாராளமான மனுஷனின் வீட்டில் ஒரே ஒரு சட்டி மட்டும் மாடியில் இருந்தது. அதிலிருந்து யாருக்கும் ஒரு கரண்டி கிடைக்காது. பெப்பர்பாட். மாட்டுக்காலும் இறைச்சியும் மிளகாயும் பட்டை கிராம்பும், மரவள்ளிச் சாற்றைக் கறுக்கக் காய்ச்சிய கசரீப்பில் கொதித்துக் கொதித்துக் கன்னங்கரேல் என்று ஆகும். காலையும் மாலையும் சூடு காட்டி, எடுத்த கறிக்கு ஈடாகப் புதுக்கறி போட்டுக்கொண்டே வந்தால் அதற்குச் சாவு இல்லை. சூடு காட்டாமல் விட்டாலோ, சோறு ஒட்டிய கரண்டியை உள்ளே விட்டாலோ ஒரு நாளில் புளித்து நுரைத்துப் போய்விடும்.

அந்தச் சட்டி அவன் மனைவி இஸ்மேயுடையது. பொமெரூன் ஆற்றங்கரைக்காரி. கல்யாணமாகி வந்த வருஷம் அவள் ஏற்றியது, அன்றிலிருந்து அணையவே இல்லை. டொரண்டோவில் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவள் புறப்பட்டபோது, ஆறே மாதம் என்றுதான் சொன்னாள். பெட்டிக்குள் இரண்டு கசரீப் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அங்க போயி நானும் ஒண்ணு ஏத்தறேன். நீ இத பாத்துக்கோ. சாயங்காலம் ரெண்டும் ஒரே நேரத்துல கொதிக்கட்டும். நான் வந்து இதுலேருந்துதான் சாப்பிடுவேன், கேட்டியா?"

ஆறு மாதம் இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த அம்மாள் சாகவும் இல்லை, இவள் வரவும் இல்லை. தெரு என்ன பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை. போன பெண்கள் போனவர்கள்தான் என்று எங்கள் தெருவுக்கு அனுபவம் உண்டு. காம்ப்டன் அந்தப் பேச்சு காதில் விழாத மாதிரி நடப்பான், ஆனால் விழும். சட்டி இருக்கும்வரை அவள் வருவாள் என்று அவன் மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தான். அதனால்தான் அதிலிருந்து யாருக்கும் தர அவனுக்குக் கை வரவில்லை. ஒரு கரண்டி குறைந்தால் அவளே அந்த அளவுக்குக் குறைந்துவிடுவாள் என்று ஒரு பயம். படித்தவன், நாலு பேரை வேலை வாங்குகிறவன், இப்படி ஒரு பயம்.

சாயங்காலங்கள் அவனுடையவை. ஹோட்டலிலிருந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைப்பான். போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு அவளைக் கூப்பிடுவான். பேசிக்கொண்டே மரக்கரண்டியால் அடியோடு சேர்த்துக் கிளறுவான்.

"உன் சட்டி கொதிக்குதா?" என்பான்.

"கொதிக்குது. உன்னுது?"

"இதோ, கேளேன்."

பிறகு இரண்டு பேரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் மணக்கும் ஆவி ஜன்னல் வழியாக மழைக்குள் போகும். அந்த ஆவிக்குள் காம்ப்டன் எங்கெங்கோ போய்வருவான். பொமெரூனின் கறுப்புத் தண்ணீரில் அவள் துடுப்புப் போடுவாள். அப்படியே அந்தத் தண்ணீர் வெள்ளையாகிப் பனியாகும். அவன் பனியைப் பார்த்ததில்லை. தேங்காய்த் துருவல் மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொண்டிருந்தான். அந்தத் துருவலுக்கு நடுவே ஒரு சின்ன ஜன்னல், ஜன்னலுக்குள் ஒரு சின்ன அடுப்பு, அடுப்பில் இதே கறுப்பில் ஒரு சட்டி. போட்டோவில் பார்த்த அந்த நீலக் குளிர்கோட்டை, மெத்தையைச் சுற்றிக்கொண்டது போல் மாட்டிக்கொண்டு அவள் கிளறுவாள். இரண்டு சட்டியின் ஆவியும் கடலுக்கு மேலே எங்கேயோ போய் ஒன்றாகக் கலப்பதாக அவனுக்கு ஒரு நினைப்பு. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பிசூன் ஒரு மாதம் சிரிப்பான்.

இந்த டிசம்பர் முதல் வாரத்தில் அவள் சொன்னாள். "அந்த அம்மா போன மாசம் போயிட்டாங்க. கிறிஸ்துமஸுக்கு வரேன்."

காம்ப்டன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டான். எவ்வளவு நாளைக்கு வருகிறாய் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. "சட்டி தயாரா இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

அதோடு விட்டிருக்கலாம் விதி. அடுத்த வாரமே டெங்கு வந்து அவனை ஆஸ்பத்திரியில் தூக்கிப் போட்டது. பிசூன்தான் டாக்ஸியில் அள்ளிக்கொண்டு போனான். ஜுரத்தில் உளறும்போதும் அவன் கேட்டது ஒன்றுதான். "ஆன்ட்டி, சட்டி..." ஃபிலோமினா ஆன்ட்டி சாவியை வாங்கி மார்புக்குள் செருகிக்கொண்டு, "நா பாத்துக்கறேன், நீ மூடிக்கிட்டுப் படு" என்றாள்.

எலும்பும் தோலுமாக வீடு திரும்பியவன் முதலில் அடுப்பைத்தான் பார்த்தான். சட்டி இருந்தது. அதே கறுப்பு. அதே பளபளப்பு. ஆசையாக ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்தான்.

பூண்டு.

இஸ்மேயின் சட்டியில் பூண்டு கிடையாது. ஒரு செஃபின் நாக்கிடம் பொய் சொல்ல முடியாது. அவன் ஸ்பூனைக் கழுவி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ஜுரத்தைவிட அது அவனைப் பலமாக அடித்தது. அன்று சாயங்காலம் அவள் கேட்டபோது, "கொதிக்குது" என்றான். கொதித்தது உண்மைதான்.

மறுநாள் ஆன்ட்டி சூப் கொண்டுவந்தாள். பாத்திரத்தை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். எழுபது வயதுப் பெண்மணி, தெருவையே அதட்டுகிறவள், முந்தானை இருந்தால் அதைப் பிடித்துத் திருகியிருப்பாள்; இல்லாததால் கவுன் ஓரத்தைத் திருகினாள்.

"காம்ப்டன், உனக்குத் தெரிஞ்சு போச்சு, இல்ல?"

"பூண்டு ஆன்ட்டி."

"ரெண்டாவது நாளேடா. உன் சட்டிய இங்க சூடு வெச்சிட்டு, எங்க வீட்ல சோறு கிண்டிட்டு இருந்தேன். பொங்குற சத்தம் கேட்டு அந்தக் கரண்டியோடவே ஓடி வந்து கிளறிட்டேன். விடிஞ்சு பாத்தா நுரை. அழுதுகிட்டே கால்வாய்ல கொட்டினேன். பிசூனும் கூட நின்னான், அவனைக் கேளு." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "இதுல இருக்கறது எங்க வீட்டுச் சட்டிதான். பாதிய ஊத்திட்டேன். உன் வீட்டுச் சட்டி காலியா கிடக்கறத என்னால பாக்க முடியல."

அவனுக்குக் கோபம் வந்தது, மரியாதைக்காக விழுங்கினான்.

"பூண்டு போட்டது நா. எங்க வீட்ல காப்பில மட்டுந்தான் பூண்டு போடறதில்ல. ஆனா அந்தச் சட்டி எங்கேருந்துடா வந்துச்சு? உம் பொண்டாட்டி இந்தத் தெருவுக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் ஒரு கிண்ணம் கொண்டாந்து குடுத்தா. அத வெச்சுத்தான் ஏத்தினேன். இன்னிக்கு வரைக்கும் விடல."

அவள் போன பிறகு அவன் கடல் சுவர் வரை நடந்தான்.  பழுப்பு அலை வந்து சுவரில் மோதித் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவன் யாருக்கும் தராமல் காத்த சட்டி கால்வாயில் போய்விட்டது. இஸ்மே அன்றைக்கு ஒரு கணம்கூட யோசிக்காமல் தூக்கிக் கொடுத்த கிண்ணம் மட்டும் பிழைத்திருக்கிறது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பும்வரை அந்த வெட்கம் போகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சட்டி மாடியிலிருந்து இறங்கியது. தெருவே வாயைப் பிளந்தது.

"கிண்ணம் கொண்டுவந்தவங்க வரிசையா வாங்க" என்றான் காம்ப்டன். "இன்னிக்கு பெப்பர்பாட். முதல் சாமான், பக்கத்து வீட்டுச் சட்டியிலேருந்து ரெண்டு கரண்டி. அது இல்லாம ஆரம்பிக்காதீங்க. அப்புறம் மாட்டுக்கால், கழுவி எலுமிச்சை தேய்ச்சு. கசரீப் கொட்டிடாதீங்க, நிறம் வர்ற வரைக்கும் கொஞ்சங் கொஞ்சமா. சோத்துக் கரண்டி மட்டும்..."

அவன் ஆன்ட்டியைப் பார்த்தான்.

"பாக்கறான் பாரு!" என்றாள் ஆன்ட்டி. தெரு சிரித்தது. அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் பிசூன் விமான நிலையத்துக்குப் போனான். காம்ப்டன் போகவில்லை, அடுப்பை விட்டு வர முடியாது என்று சாக்குச் சொன்னான். உண்மையில், அவளிடம் சொல்ல வேண்டியதை எப்படி ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. மழை விட்டிருந்த சாயங்காலம். வாசல் கேட்டருகே அவன் நிற்க, டாக்ஸி மெதுவாகத் தெருவுக்குள் வந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டியபடி இஸ்மே வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். தலையில் நரை கூடியிருந்தது.

இறங்கியதும் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. மூக்கைத் தூக்கி நின்றாள்.

"என்னய்யா இது? தெரு பூரா என் சட்டி வாசம் அடிக்குது?"

"மேல வா. சொல்றேன்."

பிசூன் பின்னால் பெட்டிகளை இழுத்து முனகிக்கொண்டு படியேறினான். "கல்லயா கட்டிக்கிட்டு வந்திருக்க அண்ணி? என் முதுகு போச்சு." வைத்துவிட்டு, இங்கிதம் தெரிந்தவனாக உடனே கீழே இறங்கிவிட்டான்.

அவள் நேராக அடுப்புக்குப் போய் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள். 

"பூண்டு" என்றாள் அவள். "இது ஃபிலோ ஆன்ட்டி சட்டி."

அவன் சொன்னான். ஜுரம், சோற்றுக் கரண்டி, கால்வாய், கொதிக்குது என்று போனில் சொன்ன பாதிப் பொய், எல்லாவற்றையும். "ரெண்டு வருஷம் காப்பாத்தினேன் இஸ்மே. நீ வர்ற நேரத்துக்கு விட்டுட்டேன். அங்க உன் சட்டி மட்டும் ஒழுங்கா இருந்துச்சு."

இஸ்மே ஸ்பூனை வைத்தாள். 

"என் சட்டி முதல் மாசமே புளிச்சுப் போச்சு" என்றாள்.

"என்ன?"

"அந்த வீட்ல வாசனை ஆகாதுன்னுட்டாங்க. மூணு நாள் சூடு காட்டல. தூக்கிக் கொட்டிட்டேன். அதுக்கப்புறம் அங்க சட்டியே இல்ல."

 தேங்காய்த் துருவலுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஜன்னல், சின்ன அடுப்பு, கடலுக்கு மேல் கலந்த ஆவி, எதுவுமே இருந்ததில்லை.

"தினமும் கொதிக்குதுன்னு சொன்னியே. ஏன் பொய் சொன்ன?"

"சட்டி போச்சுன்னு சொன்னா நீ விட்டுருவியோன்னு பயம்." அவள் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ கரண்டியால அடியோட கிளறுவியே, அந்தச் சத்தம். விளக்க அணைச்சிட்டு, போன காதுல வெச்சுக்கிட்டு, படுத்துக் கேப்பேன். அதுக்காகத்தான்."

அவன் படியோரம் நின்ற பெட்டிகளைப் பார்த்தான். அவள் கொண்டுபோனதைவிட அதிகம் இருந்தன. பிறகு, இத்தனை நாளும் கேட்கப் பயந்ததைச் சுற்றி வளைத்துக் கேட்டான்.

"அந்த நீலக் கோட்டு எங்க?"

"அங்கயே ஒருத்திக்குக் குடுத்துட்டேன். இங்க எதுக்கு அது?"

கீழே பிசூன் யாரிடமோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டில் ஆன்ட்டி பூண்டு நசுக்கும் சத்தம் கேட்டது. இஸ்மே செருப்பைக் கழற்றிவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"கிளறு" என்றாள்.

காம்ப்டன் மரக்கரண்டியை எடுத்தான்.