கக்கத்தில் செருப்பு

எனக்கு இன்றும் ஆறாத கோபம் இரண்டு பேர் மேல். ஒருவர் என் அம்மாவின் அண்ணன். மற்றவன் யப்பானில் எப்போதோ செத்துப்போன ஒரு பிரபு.

மாமா எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெரிய கங்காணி. றத்தோட்டைக்கு மேலே, பனி இறங்கினால் ஆளை ஆள் தெரியாத மலை அது. சின்ன வயதில் துரை பங்களாவில் சப்பாத்துத் துடைத்தவர். துடைத்துத் துடைத்தே மேலே வந்தவர். அவர் முன்னால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலியாட்கள் செருப்புப் போடக் கூடாது. தூரத்தில் அவர் தலைப்பாகை தெரிந்தாலே கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். கூடப் பிறந்த என் அம்மாவும்தான்.

நான் பஸ் ஏறி மாத்தளைக்குப் போய் எட்டாம் வகுப்புப் படித்தேன். சரித்திர டீச்சர் ஒருநாள் அந்தப் பிரபுவின் கதையைச் சொன்னார். ஏழைக் குடியானவன் மகன். எசமானின் செருப்பைத் தூக்குகிற வேலை. குளிர்காலத்தில் அதை நெஞ்சோடு அணைத்துச் சூடாக்கிக் கொடுத்தானாம். எசமான் மனம் இளகிப் படையில் சேர்த்தார். பிறகு தளபதியாகி, கடைசியில் யப்பானையே ஆண்டான். எனக்குப் புல்லரித்தது. புத்தி கெட்டவள், அன்றைக்கே ஓடிப்போய், "உங்கள மாதிரியே ஒருத்தரு மாமா!" என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. திருவிழாவுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால் என்னை நிறுத்தி அதையே சொல்லவைத்தார்.

மீதிக் கதையை டீச்சர் பிறகுதான் சொன்னார். நாடு கைக்கு வந்ததும் அவன் குடியானவர்களிடம் இருந்த வாள்களையெல்லாம் பிடுங்கினானாம். உழுகிறவன் வயலை விட்டு நகரக் கூடாது என்று சட்டமும் போட்டானாம். ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்த பாவி!

அந்த வருடக் கடைசியில் மாமா சொல்லியனுப்பினார். என் பேரைக் கொழுந்து எடுக்கப் பதிய வேண்டுமாம். அம்மா செருப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் வாசலில் நின்றாள். பின்னால் நான், பள்ளிக்கூடச் சப்பாத்தோடு.

"இன்னும் கொஞ்ச நாள் படிக்கட்டுங்கண்ணே. டீச்சராயிரும்" என்றாள் அம்மா.

"எல்லாரும் டீச்சரானா கொழுந்த யாரு எடுக்கிறது? பேரு பதியாட்டி லயத்துக் காம்பராவக் காலி பண்ணுங்க" என்றவர் என் காலைப் பார்த்தார். "ஏய், சப்பாத்தக் கழட்டு!"

"தொரை சப்பாத்தத் தொடச்சவரு நீங்க. மீதிக் கதையையும் கேக்குறீங்களா மாமா?" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, அம்மா அறைந்தாள். மறுநாள் விடிய நான் கூடையோடு மலையில் நின்றேன். டீச்சர் ஆசை அதோடு சரி.

மாமா செத்தபோது எனக்குக் கல்யாணமாகியிருந்தது. பிரேதத்தை வாசல் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். வந்த சனம் பழக்கம் மாறாமல் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றது. நான் மட்டும் போட்டுக்கொண்டே கிட்டப் போனேன்.

"கழட்டுடி" என்று அம்மா என் கையைக் கிள்ளினாள்.

"நீங்க போடுங்கம்மா. அவரு இனி எந்திரிக்க மாட்டாரு."

அம்மா பயந்துகொண்டே பிணத்தை ஒரு தரம் பார்த்தாள். அவள் செருப்பு கக்கத்திலேயே இருந்தது.