சால்வைக்குப் பதில் ஒரு நிதி, அதில் என் பெயர்

ராத்திரி வாட்ச்மேன் வேலையில் தூக்கம் கெடுவது பெரிய கஷ்டமில்லை. பார்க்கிறவனெல்லாம் "சும்மாதானே உக்காந்திருக்கே" என்பதுதான் கஷ்டம். இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு பல்கலைக்கழக வாசலில் இருபது வருஷம் அதைக் கேட்டவன் நான். இது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது.

வாயில் வந்தது

துணைவேந்தர் விடிகாலையில் வாசல் வரை நடந்து வருவார். எனக்கு ஷிப்ட் முடிகிற நேரம். ஒருநாள் என் மடியில் தடிமனாக ஒரு வரலாற்றுப் புத்தகம். பத்தாவதோடு நின்றவன் நான். பழைய புத்தகக் கடையில் கிடைத்ததைப் படிப்பேன். "என்ன படிக்கிறீங்க?" என்றார். சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று காட்ட வேண்டும் போலிருந்தது. "எம்.ஏ. ஐயா, தபால்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றேன்.

"உக்காருங்க. படிக்கிறவரு எனக்காக எந்திரிக்கக் கூடாது."

பரீட்சை மாசம்

அடுத்த மே மாசம் அவர் வாசல் பக்கமே வரவில்லை. தண்ணீர்த் தொட்டி வழியாகச் சுற்றிப் போனார். எந்தப் பேப்பர் எழுதினீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்திருந்த எனக்கு அது பெரிய நிம்மதி. டிசம்பரிலும் அப்படியே. இரண்டு வருஷமும் அப்படியே. கூட வேலை பார்த்த ஆரோக்கியத்துக்குத்தான் பொறுக்கவில்லை.

"உங்க மேல ஏதோ கோவம்ணே அவருக்கு. என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

மஞ்சப்பை

துணைவேந்தர் ஓய்வு பெறும்போது தனக்குச் சால்வை, மாலை எதுவும் வேண்டாம், அந்தப் பணத்தில் மேற்படிப்பு மாணவர்களுக்கு ஓர் உதவித்தொகை நிதி வையுங்கள் என்று சொல்லிவிட்டார். விழாவன்று எனக்குப் பகல் டூட்டி. சால்வையோடு வருகிறவர்களை மறித்து, நிதிக்கு நன்கொடை எழுதுகிற மேஜைக்கு அனுப்ப வேண்டும்.

சின்னாளபட்டி நெசவாளர் ஒருவர், தன் கையால் நெய்த துண்டோடு வந்தார். மகள் அங்கேயே எம்.எஸ்சி. படிக்கிறாளாம். மறித்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. துண்டை மஞ்சப்பைக்குள் மடித்து வைத்தார்.

"சரி தம்பி. எம் மகளும் அந்த நிதிக்கு எழுதிப் போட்டிருக்கா. இந்த வருசம் ஒரு ஆளுக்குத்தானாம். கெடைக்கலைன்னா படிப்ப நிறுத்திட்டுத் தறியில உக்கார வேண்டியதுதான்."

காலிக் கட்டம்

மறுநாள் மதியம் கிளார்க் என்னைக் கூப்பிட்டு விண்ணப்பத்தை நீட்டினார். என் பெயரை அவரே எழுதி வைத்திருந்தார். ராத்திரியெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கிற மனிதர் என்று துணைவேந்தர் என்னைச் சிபாரிசு செய்திருக்கிறார்.

"மொத உதவித்தொகை உங்களுக்குத்தான்ணே. பதிவு எண் மட்டும் எழுதிக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அட்டைப்பெட்டிகள்

துணைவேந்தர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். கூடம் முழுக்கப் புத்தகப் பெட்டிகள். அவர் மனைவி கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: பத்தாவதை, பழைய புத்தகக் கடையை, எனக்குப் பதிவு எண் என்று ஒன்றே கிடையாது என்பதை. அந்த நெசவாளர் மகளுக்குக் கொடுங்கள் ஐயா என்றேன். பெட்டி கட்டுகிற கயிற்றைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உங்க படிப்பு கெட்டுடக் கூடாதுன்னுதானே பரீட்சை மாசமெல்லாம் நான் தண்ணித்தொட்டி வழியா சுத்திப் போனேன்."

உதவித்தொகை அந்தப் பெண்ணுக்குப் போனது.

பொய் சொல்லி உள்ளே நுழையப் பார்த்த எத்தனையோ பேரை அந்த வாசலில் பிடித்திருக்கிறேன். என்னைப் பிடிக்க மட்டும் இரண்டு வருஷம் ஆனது, அதுவும் நானே போய் நின்றதால்.