கீழே என்ற பட்டன்

நாடக மேடையில் திரையையும் சீனையும் ஏற்றி இறக்கும் மோட்டார்களை நாங்கள் செய்தோம். பென்னலூர்ப் பக்கம் கம்பெனி. 1991இல் நான் அங்கே எலக்ட்ரீஷியன், மூன்று வருடமாக டெம்ப்ரவரி. ஆயுத பூஜை முடிந்ததும் பெர்மனன்ட் ஆர்டர் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குக் கொடுப்பதில் மட்டும் அவர் கஞ்சத்தனமே பார்க்க மாட்டார்.

அந்தப் பூஜைக்குச் சென்னையிலிருந்து சபாக்காரர்கள் மெஷின் பார்க்க வந்தார்கள். அவர்களுக்காக ஷெட்டிலேயே ஒரு நாடகம். தேவலோகத்து ராஜா வானத்திலிருந்து ஊஞ்சலில் இறங்க வேண்டும். ராஜா யார்? மேனேஜர்தான். வேறு யாருக்கு அந்தத் தொப்பை இருந்தது?

"சீன் தூக்குற மோட்டார்ல ஆள் ஏறக் கூடாது சார்" என்றேன். சிரித்தார்.

"ஜெனரேட்டரை நேத்துதான் ரிப்பேர் பண்ணி மாட்டினாங்க. அதுல ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம் சார்."

"பூஜை அன்னிக்குக் கரண்ட் போகாதுப்பா." மின்சார வாரியம் அவருக்கு மாமனார் வீடு போலும்.

ஜரிகையும் கிரீடமுமாக ஊஞ்சலில் மேலே போனார். பாட்டு ஆரம்பித்தது, கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். பட்டன் பெட்டி சூப்பர்வைசர் கையில் இருந்தது. அந்தப் பெருமையை எனக்கு விட்டுத்தருவாரா? 'கீழே' பட்டனை அழுத்தினார். ராஜா மேலே போனார்.

ரிப்பேர்காரர்கள் ஜெனரேட்டரில் இரண்டு ஒயரை இடம் மாற்றி மாட்டியிருந்தார்கள். அப்படி மாட்டினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சூப்பர்வைசருக்கோ, தான் சரியாக அழுத்தவில்லையோ என்று சந்தேகம். இன்னும் பலமாக அழுத்தினார். கிரீடம் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இடித்தபோது நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

"திரும்ப மெயினைப் போடறேன். 'மேலே' பட்டனை அழுத்துங்க, இறங்கிடுவாரு" என்றேன்.

"அறிவு கீதாடா உனுக்கு? ஏற்கெனவே கூரைல முட்டிக்கினு கீறாரு, இன்னும் மேல தூக்க சொல்ற?"

கால் மணி நேரம் ராஜா அங்கேயே தொங்கினார். பிறகு வாரியத்துக் கரண்ட் வந்தது. அந்த லைனில் ஒயர்கள் சரியாக இருந்ததால், ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு மெயினைப் போட்டேன். சூப்பர்வைசர் 'கீழே' அழுத்தினார். மோட்டார் சமர்த்தாக இறக்கியது.

"பாத்தியா, மெஷின் நல்லாத்தான் கீது" என்றார். சபாக்காரர்களும் தலையாட்டினார்கள்.

லீவு முடிந்து போனதும் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். பட்டனை அழுத்தியது நான்தான் என்றும், 'கீழே'க்குப் பதில் 'மேலே'யை அழுத்திவிட்டேன் என்றும் டைப் அடித்திருந்தது. அந்த மனிதரிடம் ஒளிவுமறைவே கிடையாது.

"மெஷின் மேல தப்புன்னா சபாக்காரங்க ஆர்டர் போயிடும். உன் மேல தப்புன்னா என்னப்பா போகும்?"

அந்தத் தாளுக்கு அடியில் என் பெர்மனன்ட் ஆர்டர் இருந்தது. அவர் இன்னும் அதில் கையெழுத்துப் போடவில்லை. நான் போடுவதற்காகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இத்தனை நேரம் அவர்களைத் திட்டினேன். எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? மேலே எது, கீழே எது என்று தெரியாதவன் என எழுதிக் கொடுத்துத்தான் நான் நிரந்தர எலக்ட்ரீஷியன் ஆனேன். அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். இரண்டு டம்ளர் குடித்தேன்.