பசித்த பெட்டியும் ஸ்பேனர் மதாமும்

பீனிக்ஸ் சட்டைத் தொழிற்சாலையில் சிவகாமிக்கு ‘ஸ்பேனர் மதாம்’ என்று பெயர். வைத்தவர்கள் ஆண் மெக்கானிக்குகள், கேலிக்குத்தான். பதினெட்டு வயதில் கான் தெ மாஸ்க் கிராமத்திலிருந்து பஸ் பிடித்துக் காஜா போட வந்தவள் அவள். மெஷின் நின்றால் மெக்கானிக் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. மூடியைத் தானே திறந்தாள். பதினோரு வருஷம் கழித்து, 1994இல், இருநூறு தையல் மெஷின்களும் அவள் பொறுப்பில்.

அந்தப் பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை நான்கில் மூன்றாம் எண்ணுக்கு ஏறியது. மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் அந்தத் தீவில் எல்லோருக்கும் பழகிய வேலைதான்: வயரையெல்லாம் பிடுங்கு, பிளாஸ்டிக்கில் சுற்று, உயரத்தில் ஏற்று, வீட்டுக்கு ஓடு. புயல் கடந்ததும் எல்லாவற்றையும் இறக்கி மாட்டினார்கள். தையல் மெஷின்கள் ஓடின. டிசைன் அறையில், கம்ப்யூட்டருக்கு வெளியே தனியாக நிற்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டி மட்டும் ஓடவில்லை.

பிரெஞ்சு ஆர்டரின் அளவுகள் அத்தனையும் அதற்குள். பிரதி எடுத்துவைத்த ஃப்ளாப்பிகள் கூரை ஒழுகி நனைந்துவிட்டன. இரண்டு மணிக்கு வாங்குபவரின் ஆள் வருகிறார். மாதிரிச் சட்டை இல்லையென்றால் ஆர்டர் மடகாஸ்கருக்கு. கூடவே அறுபது பெண்களின் வேலையும் போகும்.

“உள்ளே ஏதோ உடைஞ்சிடுத்து. பக்கத்து ரியூனியன் தீவுலேர்ந்து இன்ஜினியர் வந்து பிரிச்சுத்தான் பார்க்கணும்,” என்றார் டிசைன் கம்ப்யூட்டரைக் கவனிக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த அனந்தகிருஷ்ணன். மானேஜர் ஜான்-க்ளோட் அங்கே போன் செய்து ஆளைக் கேட்டுவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சிவகாமிக்குத் தமிழ் கோயிலில் பாடும் அளவுக்கு. அனந்தகிருஷ்ணனுக்குத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் காய்கறி வாங்கும் அளவுக்கு. இரண்டையும் கலந்து சமாளிப்பார்கள்.

“சார், இன்னொரு தரம் போடுங்க. நான் கேக்கணும்.”

“கேக்க என்ன இருக்கு? இது தையல் மெஷின் இல்லைம்மா.”

“உள்ள மோட்டார் இருக்குல்ல?”

“இருக்கு...”

“அப்ப மெஷின்தான்.”

அவர் ஸ்விட்சைப் போட்டார். ‘உய்ங்’ என்று சத்தம் ஏறியது, பாதியில் தொய்ந்தது, ‘டக்’. மறுபடியும் உய்ங், டக். ஒவ்வொரு தடவையும் பச்சை விளக்கு மங்கியது.

“அயோ, இது செத்த சத்தம் இல்ல சார். பசிச்ச சத்தம். மோட்டார் கிளம்புறப்பதான் நிறைய தின்னும். ஓட ஆரம்பிச்சா கொஞ்சம் போதும்.”

நாலைந்து வயர்கள் தொங்கிய ப்ளக் பலகையிலிருந்து பெட்டியின் வயரைக் கழற்றி, நேரே சுவர் ப்ளக்கில் செருகினாள். அதே டக். பிறகு அடாப்டரைத் திருப்பிப் பார்த்தாள்.

“நானே பார்த்துத்தான் மாட்டினேன். பெட்டியிலயும் பன்னெண்டு வோல்ட், இதுலயும் பன்னெண்டு. முனையும் கச்சிதமா உக்காந்துது,” என்றார் அனந்தகிருஷ்ணன்.

“வோல்ட் சரி. அதுக்குக் கீழ பாருங்க.”

பெட்டி கேட்டது மூன்று ஆம்பியர். அடாப்டர் கொடுப்பது ஒன்று. அனந்தகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். புயல் அவசரத்தில் பிடுங்கி ஒரே கூடையில் போட்டது மாறிப்போயிருக்கிறது. அப்படியானால் சரியானது யாரிடம்? பன்னிரண்டு வோல்ட் வேறு எதற்கு வேண்டும்?

சிவகாமி வாசலுக்கு ஓடினாள். காவல்கார மார்செல், புயல் செய்தி கேட்பதற்காகப் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் பழைய கார் ரேடியோ ஒன்றை அங்கே பொருத்தி வைத்திருந்தான். இப்போது அதில் தீவின் ஆட்டப் பாட்டான சேகா.

“மார்செல், ரேடியோ ஜோராப் பாடுதே?”

“எப்பவும் பாடுறதுதான், மதாம்!”

“பாடும், பாடும். மூணு ஆள் சோறு ஒருத்தனுக்கே கிடைச்சா ஏன் பாடாது?”

அதன் அடாப்டரைப் பிடுங்கினாள்; அதில் மூன்று ஆம்பியர். “பாட்டு பாதியில நிக்குதே, மதாம்!” என்ற கூச்சல் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

முனையின் கூட்டல் குறி பெட்டியிலும் அடாப்டரிலும் ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டினாள். கம்ப்யூட்டரைத் தொடாமல் பெட்டிக்கு மட்டும் கரண்ட் கொடுத்தாள். உய்ங்... சத்தம் ஏறியது, ஏறியது, தொய்யவே இல்லை. ஒரே சீராக நின்றது. கம்ப்யூட்டரைப் போட்டதும் காலர், கை, முதுகு என்று கோப்புகள் வரிசையாகத் திரையில் வந்தன.

“வந்துடுத்து!” அனந்தகிருஷ்ணன் துள்ளியதில் நாற்காலி சாய்ந்தது.

ஒன்றே முக்காலுக்கு மாதிரிச் சட்டை தயார். வந்த ஆள் காலரைத் தடவி, தையலை இழுத்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். அறுபது பெண்களும் தட்டிய கைத்தட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. மிக உரக்கத் தட்டியவர்கள் கேலிப் பெயர் வைத்த அந்த மெக்கானிக்குகள்தான்.

ஜான்-க்ளோட் ரியூனியனுக்கு மறுபடி போன் செய்தார்.

“யாரும் வரவேண்டாம். எங்க மெக்கானிக் சரிபண்ணிட்டாங்க.”

அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டார்கள். அவர் சிவகாமியை நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கே படிச்சாங்கன்னா கேக்குறீங்க? இங்கேதான். பதினோரு வருஷம்.”