மதியச் சாப்பாட்டுக்கு ஒரு ஆள் கேட்டேன்

போன வருஷம் ஜூலை மாதம் முழுக்க என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் எழுந்து நின்றுகொள்வேன். சபையில் கடைசிப் பாட்டு முடியும் முன்பே வெளியே வந்து செருப்பைத் தேடுவேன். அந்த நிலைமையிலிருந்து கர்த்தர் என்னைத் தூக்கியெடுத்ததை உங்கள் முன்னால் சொல்ல வந்திருக்கிறேன். அவருக்கே ஸ்தோத்திரம். இதில் பெரிய வியாதி கிடையாது, விபத்து கிடையாது. இதற்கெல்லாமா சாட்சி என்று சிலர் நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ரூபி. ஊர் புதுப்பட்டினம். பிளஸ் டூ முடித்ததும் அப்பாவுக்கு முடியாமல் போனது. தம்பி சின்னவன். மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் அறைகளுக்குப் பெட்ஷீட் மாற்றும் வேலைக்குப் போனேன். எட்டு வருஷம் ஓடிவிட்டது. தம்பிக்கு வேலை கிடைத்த அன்று அவன் சொன்னான், "அக்கா, இப்போ நீ போய் படி. நான் கீறேன்ல." அழுதுவிட்டேன். செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. வகுப்பில் மற்ற எல்லாருக்கும் பதினேழு, பதினெட்டு.

முதல் நாளே தப்பு நடந்தது. மதியம் மணி அடித்ததும் பக்கத்து பெஞ்சுப் பெண் பவித்ரா திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டாள். "அக்கா, வாங்க. எங்க கூட சாப்பிடலாம்."

என் டப்பாவில் கருவாட்டுக் குழம்பு. திறந்தால் வகுப்பே மூக்கைப் பொத்தும் என்று பயம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கருவாடு ஒரு சாக்குதான். மற்றவர்களை எல்லாம் "அடியே" என்று கூப்பிட்டவள் என்னை மட்டும் "அக்கா, வாங்க" என்றாளே, அது குத்தியது. வாயில் வந்ததைச் சொன்னேன். "இன்னைக்கு நான் உபவாசம்மா."

மறுநாளும் கேட்டாள். நேற்று சொன்னது பொய்யென்று தெரிந்துவிடுமோ என்று இன்றும் உபவாசம் என்றேன். மூன்றாம் நாள், "எத்தினி நாளுக்கா?" என்றாள். இருபத்தொரு நாள் என்று வாய் சொல்லிவிட்டது. நம் சபைகளில் அது வழக்கம்தானே, அந்தக் கணக்கு தயாராக நாக்கில் இருந்தது.

அதற்கப்புறம் அந்தப் பிள்ளைகள் செய்ததை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது. உபவாசம் இருக்கிற அக்கா முன்னால் சாப்பிடக் கூடாது என்று அவர்களாகவே முடிவு பண்ணி, தினமும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விட்டார்கள். வெயிலில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் காலி வகுப்பில், கடைசி பெஞ்சில் குனிந்து, ஐந்து நிமிஷத்தில் சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்வேன். வெளியே அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

வேடிக்கை என்னவென்றால், அதே நாட்களில்தான் விடிகாலையில் முழங்காலில் நின்று ஜெபித்தேன். "ஆண்டவரே, பெரிசா ஒண்ணும் கேக்கல. சாப்பிடும்போது பக்கத்துல உட்கார ஒரே ஒரு ஆள் தாரும்." ஞாயிற்றுக்கிழமை ஜெபக் குறிப்புச் சீட்டில் அதை எழுத வெட்கப்பட்டு, "படிப்புக்காக" என்று எழுதிப் போடுவேன். பாஸ்டர் ஐயாவும் பாவம், என் படிப்புக்காக உருக்கமாக ஜெபிப்பார். படிப்பு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது!

இரண்டாவது வாரம் தாங்கவில்லை. ஹோட்டல் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். "திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்கோ" என்றார். வீட்டில் சொல்லவில்லை. தம்பி முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுத் தூங்கினேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் பவித்ரா வராண்டாவிலிருந்து தனியாக உள்ளே வந்தாள். நான் அப்போதுதான் டப்பாவை மூடிப் பையில் திணித்தேன். கையில் குழம்பு வாசனை. அவள் கண் சிவந்திருந்தது.

"அக்கா, எங்கம்மாவுக்கு வயித்துல கட்டி. வர்ற வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன். எங்களுக்கு உங்க சாமி பழக்கமில்ல. ஆனா நீங்க இத்தினி நாளா பட்டினி கெடந்து வேண்டிக்கினு கீறீங்களே, நீங்க கேட்டா நடக்கும்னு தோணுது. எங்கம்மாவுக்கும் சேத்து கேளுங்கக்கா."

"சரிம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன்.

சனி, ஞாயிறு எப்படிப் போனதென்று தெரியாது. ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. எந்த வாயால் கேட்பது? வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அம்மா, "இன்னாடி, கால்ல சக்கரமா கட்டிகினு கீற?" என்று திட்டினாள்.

திங்கட்கிழமை காலை புதுப்பட்டினம் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஒரு பக்கம் மாமல்லபுரம் பஸ் வரும், ஹோட்டலுக்கு. இன்னொன்று திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு. நான் ஆண்டவரிடம் பேரம் பேசினேன். எது முதலில் வருகிறதோ அதில் ஏறுகிறேன், அதுதான் உம்முடைய சித்தம் என்றேன்.

மாமல்லபுரம் பஸ்தான் முதலில் வந்தது. காலியாக வேறு இருந்தது. கண்டக்டர், "வாம்மா, ஏறு" என்றார்.

நான் ஏறவில்லை. கேட்ட அடையாளம் கேட்டபடியே வந்தும் கால் நகரவில்லை. நான் ஓடிவிட்டால், ஒரு பொய்யை நம்பிக்கொண்டு அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பாளே என்ற ஒரே நினைப்பு. பஸ் போய்விட்டது. இருபது நிமிஷம் கழித்து மற்றதில் ஏறினேன். கர்த்தர் என்னோடு பேசினாரா என்று கேட்டால், அந்த இருபது நிமிஷம்தான் பேசினார் என்பேன்.

மதியம் மணி அடித்தது. எல்லாரும் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். நான் வாசலில் போய் வழியை மறித்து நின்றேன். "பவித்ரா, நான் உபவாசமே இல்ல. ஒரு நாள்கூட இருந்ததில்ல. உங்க கூட சாப்பிட வெட்கப்பட்டுப் பொய் சொல்லிட்டேன்."

பவித்ரா முகம் வெளிறிப்போனது.

"அப்போ நாங்க வெயில்ல குந்திகினு இருந்தப்போ, நீ உள்ள துன்னுகினு இருந்தியா?"

"ஆமா."

"எங்கம்மாவுக்கு வேண்டிக்க சொன்னேனே, அப்போகூட சொல்லல நீ."

அவள் விடுவிடுவென்று போய்விட்டாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். அன்று என் டப்பாவை நான் திறக்கவில்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் பஸ்ஸில் சீட் கிடைத்தது, உட்கார்ந்தேன். வீடு வரைக்கும் உட்கார்ந்தே வந்தேன்.

மறுநாள் மதியம் தலையைக் குனிந்து டப்பாவைத் திறந்தேன். எதிரே யாரோ பெஞ்சை இழுக்கிற சத்தம். பவித்ரா. கோபம் இன்னும் முகத்தில் இருந்தது.

"இன்னா கொண்டாந்திருக்க?"

"கருவாட்டுக் குழம்பு."

"இத்தினி நாளா இத வச்சிகினுதான் பட்டினின்னு சீன் போட்டியா? போடு ஒரு கரண்டி."

போட்டேன். அவள் பின்னால் இன்னும் மூன்று பேர் டப்பாவோடு வந்து உட்கார்ந்தார்கள். பாதி சாப்பாட்டில் அவள் மெதுவாகக் கேட்டாள். "வியாழக்கிழமை நெசமாவே இருப்பியா?"

"இருப்பேன்" என்றேன்.

இருந்தேன். தண்ணீர் மட்டும் குடித்தேன். வாழ்க்கையில் நான் அப்படி ஜெபித்ததில்லை. "என் பொய்யைப் பார்க்காதேயும், அந்தத் தாயைப் பாரும்" என்று இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பவித்ரா ஆஸ்பத்திரியில் இருந்தாள். மதியம் கல்லூரியில் நானும் மற்ற மூன்று பேரும் ஒன்றாகவே உட்கார்ந்தோம். யாரும் வராண்டாவுக்குப் போகவில்லை. அவர்கள் என் முன்னாலேயே சாப்பிட்டார்கள், நான் அவர்கள் நடுவில் பசியோடு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமான பட்டினியை நான் பட்டதே இல்லை. எல்லாருடைய கண்ணும் மேஜைமேல் இருந்த என் போன்மேல்தான்.

மூன்று மணி சுமாருக்குப் போன் அடித்தது. பவித்ரா அழுதுகொண்டே பேசினாள்.

"ரூபி, அம்மா கண்ணு முழிச்சிடுச்சி. கட்டி சாதா கட்டிதானாம். டாக்டரே சொல்லிட்டாரு. நீ மொதல்ல துன்னு."

ஒருத்தி எலுமிச்சைச் சோறு எடுத்து வைத்திருந்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

இப்போது இரண்டாம் வருஷம். கர்த்தருடைய கிருபையால் படிப்பும் போகிறது, பக்கத்தில் ஆளும் இருக்கிறது. பிரியமானவர்களே, நம்மில் எத்தனை பேர் ஜெபச் சீட்டில் ஒன்றை எழுதிவிட்டு மனதில் வேறொன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்! அவரிடம் கௌரவம் பார்க்காதீர்கள். வெட்கமாக இருக்கிற அந்த விஷயத்தையே அப்படியே கேளுங்கள். கேட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கிற மனுஷரிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். எனக்கு அவர் அந்த வழியாகத்தான் வந்தார்.